ஒரு தோள், இரண்டு வாளி: இருமனம் என்றால் என்ன?

2022 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. முந்தைய நாள்தான் மலேசியாவில் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்பதால் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெரு முழுக்க அதே பேச்சாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் வேறு பேச்சு. கத்தாரில் மாலை ஏழு மணிக்கு, அதாவது நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டுக்கு, உலகக் கிண்ணக் காற்பந்தின் தொடக்க ஆட்டம். அண்ணன் மகன் கூடத்தில் பாயை விரித்துத் தலையணையை மார்புக்குக் கீழே வைத்துப் படுத்திருந்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. தொலைக்காட்சியில் கூடார வடிவத்தில் அல் பைத் அரங்கம் தெரிந்ததும் தலையைத் திருப்பினான்.

“அத்தை, நீங்கள் இருந்த நாடுதானே இது? இதைப் பார்க்க உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா?”

“இரண்டும்தான்” என்றேன்.

“பாதிப் பாதியா?”

அவன் கேட்டதில் தவறில்லை. பெரியவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் ‘பாதிப் பாதி’ சரியில்லை. அன்றிரவு அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தாமதமானாலும் இப்போது சொல்லிப் பார்க்கிறேன். நான் 2008 முதல் 2017 வரை தோஹாவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாக வேலை செய்தவள். என் மகள் 2011-இல் அங்கேதான் பிறந்தாள். பிறந்ததால் அந்த நாட்டின் குடியுரிமை அவளுக்குக் கிடைக்கவில்லை. அங்கே அப்படிக் கிடைப்பதுமில்லை. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்று நான் சொன்னது அந்த ஊரில் இருந்த வீட்டைத்தான்.

முதலில் ஒரு தவறான படத்தை அழித்துவிடுவோம். உணர்ச்சியை நாம் வெப்பமானியைப் போலக் கற்பனை செய்துகொள்கிறோம். ஒரே கோடு. ஒரு முனையில் வெறுப்பு, மறுமுனையில் அன்பு. ஒருவருக்கு இரண்டும் இருக்கிறது என்றால் பாதரசம் நடுவில் நிற்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெந்நீரும் தண்ணீரும் கலந்தால் வெதுவெதுப்பாகிறதே, அப்படி. ஆனால் இருமனம் வெதுவெதுப்பானது அல்ல.

சரியான படம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அப்பாவின் காண்டாக் கம்பு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரம் வெட்டியவர்கள், மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் ஊற்றிச் சேர்த்து, கம்பின் ஒரு முனைக்கு ஒரு வாளியாக மாட்டித் தோளில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்கக் கொடுப்பார்கள். இரண்டு வாளியும் நிறைந்திருந்தால் கம்பு நேராக நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, கம்பு எந்தப் பக்கமும் சாயாததால், சுமையே இல்லாதது போலத் தோன்றும். சுமை எவ்வளவு என்பது தோளுக்குத்தான் தெரியும். அப்பாவின் வலது தோளில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் காய்த்துத் தடித்திருந்தது. சிறுவயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன், பதப்படுத்திய தோல் மாதிரி இருக்கும்.

இருமனம் என்றால் இதுதான். ஒரே ஆளின் தோளில், ஒரே பொருளைப் பற்றி, எதிரெதிரான இரண்டு உணர்ச்சிகள், இரண்டும் முழு எடையோடு. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடுவதில்லை. கூட்டித்தான் சுமக்க வேண்டும்.

இதற்கு ‘ஆம்பிவலன்ஸ்’ என்று பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜின் பிளாய்லர். ஆண்டு 1910. லத்தீன் வேர்களைப் பிரித்தால் ‘இருபுறமும்’, ‘வலிமை’ என்று வரும். இருபுறமும் வலிமை என்பதைக் கவனியுங்கள். வலிமை இல்லாமை என்று அவர் சொல்லவில்லை. முதலில் இதை மனநோயின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் அவர் எழுதினார், பிறகு நலமாக இருப்பவர்களிடமும் இது உண்டு என்றார். 2001-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப் லார்சனும் உடன் ஆய்ந்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சாதாரண நாளில் ‘ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் துயரமும்’ என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். விடுதியைக் காலி செய்யும் நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் அப்படிச் சொன்னவர்கள் மிகக் கூடுதல். சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் குழந்தைகளைக் கவனித்தார். சிறு குழந்தைகள் ‘முதலில் சந்தோஷம், அப்புறம் பயம்’ என்று வரிசையாக்கித்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பது பத்து வயதை ஒட்டித்தான் அவர்களுக்குப் பிடிபடுகிறது. அதாவது இருமனம் வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பது. அதைக் குழப்பம் என்று சொல்லிக் கீழே தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.

நம் மொழி இதை முன்பே கண்டிருக்கிறது. நற்றிணையில் 284-ஆம் பாட்டு. பொருள் தேடி வேற்றூர் போனவன் ஒருவன் பேசுகிறான். நெஞ்சு, அவளிடம் திரும்பிப் போவோம் என்கிறது. அறிவு, எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு என்கிறது. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அறுந்துவிடுமோ என்கிறான். பாடிய புலவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையே பெயராகித் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிவிட்டார். பிழைக்க வெளியூர் போன ஒவ்வொருவரும் அந்தக் கயிறுதான்.

ஆனால் கயிறும் காண்டாவும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இருமனம் கயிறாக இருக்கிறது. இருப்பதா, திரும்புவதா என்று 2016 முழுக்க நானும் கணவரும் இழுபட்டோம். திரும்பிவிட்ட பிறகு முடிவெடுக்க ஒன்றுமில்லை. இழுபறி நின்றது, சுமை நிற்கவில்லை. கயிறு காண்டாவானது. ஒரு காலத்தில் வாழ்ந்து, பிறகு விட்டுவந்த நாடு உலகத்தையே அழைத்து விருந்து வைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவரின் இருமனம் இந்த இரண்டாவது வகை.

இனி வாளிகளில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இடது வாளியில் ‘கஃபாலா’. பொறுப்பேற்பது, பிணை நிற்பது என்று பொருள்படும் அரபுச் சொல். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவருக்கு உள்நாட்டில் ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் பிணை நிற்க வேண்டும், அவர் கஃபீல். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், உங்கள் விசா அவர் கையில். அப்போது, அவர் தடையில்லாச் சான்று தராமல் வேறு வேலைக்கு மாற முடியாது. நான் இருந்த காலம் முழுவதும், அவர் அனுமதி தராமல் நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. வருவதற்கு விசா இருப்பது போல, போவதற்கும் ஓர் அனுமதி.

தோட்டத்தில் இதைச் சொன்னால் பெரியவர்கள் சட்டென்று ‘கங்காணி’ என்பார்கள். அவ்வளவு பொருத்தம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் நின்ற பிறகு, கங்காணி தன் ஊருக்கே போய், தன் சாதிசனத்திடம் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து வந்தார். கப்பல் ஏறும்போதே கடன். கடனை அடைக்கும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது ஓடியது. தோஹாவில் என் பிரிவுக்கு வந்த நோயாளிகளில் பலருக்கும் முகவருக்குக் கட்டிய கடன் இருந்தது, நூறாண்டு கழித்து, கப்பலுக்குப் பதில் விமானத்தில்.

ஒரு கோடைப் பகலில் கொண்டுவந்த ஒருவரை மறக்கவில்லை. வெப்பத்தால் சுருண்டு விழுந்தவர். நீலச் சீருடையில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. தாடையோரம் தலைக்கவசத்தின் பட்டை இருந்த இடம் மட்டும் கருக்காமல் ஒரு வரியாக வெளுத்திருந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சிரை கிடைப்பதற்கே சிரமப்பட்டேன். இரண்டாவது பாட்டில் உப்புநீர் ஏறிய பிறகு கண் திறந்தார். “அக்கா, தமிழா நீங்கள்?” என்றார். ஆம் என்றதும் தண்ணீர் கேட்கவில்லை, “இன்றைய சம்பளத்தில் எத்தனை மணி நேரம் பிடிப்பார்கள்?” என்று கேட்டார். இராமநாதபுரத்துக்காரர். நான் மலேசியா என்றதும், தன் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர், அப்புறம் கடிதமே இல்லை என்றார். யார் கண்டது, எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில்கூட இருந்திருப்பார்.

அதே வாளியில் என் சொந்தக் கல் ஒன்றும் கிடக்கிறது. 2014-இல் அப்பா இறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அங்கே வெள்ளி விடுமுறை. வெளியேறும் அனுமதிக்கு ஒப்புதல் தர வேண்டியவர் குடும்பத்தோடு பாலைவன முகாமுக்குப் போயிருந்தார். தொலைபேசியை எடுக்கவில்லை. அன்றிரவு விமானம் நான் இல்லாமல் பறந்தது. மறுநாள் அவர் ஒரு நொடியில் ஒப்புதல் கொடுத்தார், வருத்தமும் தெரிவித்தார். நான் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு இறுதிச் சடங்கு முடிந்து, வாசலில் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்புதல் தர வேண்டியிருந்தவர் கெட்டவர் அல்லர். ஒரு மகள் தன் தகப்பனைப் பார்க்கப் போவதற்கு அவருடைய விரல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவரல்ல, அந்த முறை.

தொழிலாளர் இறப்பு எண்ணிக்கை பற்றி நிறையப் பேசினார்கள், பெரும்பாலும் தவறாக. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், போட்டி நடத்தும் உரிமை கிடைத்ததிலிருந்து பத்தாண்டுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேப்பாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டவர்கள் கத்தாரில் இறந்ததாக எழுதியது. அது எல்லா வேலைகளிலும் இருந்தவர்கள், எல்லாக் காரணங்களாலும் இறந்த கணக்கு. ‘அரங்கம் கட்டி 6,500 பேர் செத்தார்கள்’ என்று அதைச் சுருக்கியவர்கள் பிழை செய்தார்கள். மறுபக்கம், அரங்கப் பணிகளில் 37 பேர் இறந்தனர், அவர்களில் மூவர் மட்டுமே வேலையால் இறந்தனர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். போட்டி நடந்துகொண்டிருந்தபோது அவர்களின் தலைமைச் செயலாளர் ஹசன் அல் தவாதியே, மொத்தக் கட்டுமானங்களிலும் நானூறிலிருந்து ஐந்நூறு பேர்வரை என்று ஒரு பேட்டியில் சொன்னார். தாதியாக எனக்கு உறுத்துவது இந்த எண்களுக்கு இடையில் இருக்கும் காகிதம். முப்பது வயதுகூட ஆகாத, உடற்பரிசோதனையில் தேறி வந்த ஒருவன் இரவில் படுத்துக் காலையில் எழாவிட்டால் ‘இயற்கை மரணம்’, ‘இதயம் நின்றது’ என்று எழுதி முடித்துவிட்டால், வெயில் காரணமா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. யார் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதைத்தானே எழுத வேண்டும்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போட்டியை முன்னிட்டு உலகம் உற்றுப் பார்த்ததால் சட்டம் மாறியது. 2018-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தோஹாவில் அலுவலகம் திறந்தது. அதே ஆண்டு, நான் திரும்பி வந்த அடுத்த ஆண்டு, பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதி நீங்கியது. 2020-இல் வீட்டுப் பணியாளர்களுக்கும். 2020-இல் வேலை மாறத் தடையில்லாச் சான்று வேண்டாம் என்றானது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், அதோடு தங்குமிடமோ அதற்கு 500 ரியாலோ, உணவோ அதற்கு 300 ரியாலோ. கோடையில் காலை பத்து முதல் பிற்பகல் மூன்றரைவரை வெட்டவெளியில் வேலை கூடாது. சட்டம் எழுதியது வேறு, நடந்தது வேறு என்ற புகார்கள் தொடர்ந்தன. ஆனாலும் இவை வெறும் காகிதமல்ல. 2014-இல் இருந்திருந்தால் அப்பாவின் முகத்தை நான் பார்த்திருப்பேன்.

வலது வாளிக்கு வருகிறேன். இதில் புள்ளிவிவரம் கிடையாது.

அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து நான் தோஹா திரும்பி வேலைக்குப் போன முதல் வாரம். எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வந்துபோகும் கத்தார்ப் பாட்டி ஒருவர் உண்டு. நீரிழிவு. என்னை ‘பிந்தி’ என்பார், என் மகளே என்று பொருள். அன்று அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. செய்தி கேள்விப்பட்டு, மகனைக் கார் ஓட்டச் சொல்லி, காப்பிக் குடுவையோடு வந்திருந்தார். ஏலக்காய் போட்ட அவர்கள் காப்பி கறுப்பாக இராது, வெளிறிய மஞ்சளாக இருக்கும். பிடி இல்லாத சிறு கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். எனக்கு ஆட்டத் தோன்றவில்லை. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஒரு சொல் பேசவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். என் துக்கத்துக்கு யாரும் வராத ஊரில் வந்த ஒரே ஆள் அவர்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடு அந்த ஊர்ச் சம்பளத்தில் வாங்கியது. நடு இரவில் வேலை முடிந்து பயமில்லாமல் தனியாக நடந்த வீதிகள் அங்கேதான். மாலையில் கோர்னிஷ் கடற்கரையில் மகள் நடை பழகினாள். 2010 டிசம்பர் 2, வியாழன் மாலை, சூரிக்கில் உறையைப் பிரித்து, உலகக் கிண்ணத்தை நடத்தப்போவது கத்தார் என்று அறிவித்தபோது நாங்கள் அதே கடற்கரையில் நின்றோம். அரக்கும் வெள்ளையுமான கொடிகளோடு கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டு வரிசையாக ஊர்ந்தன. இளைஞர்கள் கார் கூரையில் உட்கார்ந்து பாடினார்கள். நானும் கத்தினேன். அதை இப்போது மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

சரி, ஒருவருக்குள் இருமனம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது? தமிழ் பேசுபவர்களிடம் மிக எளிது. வேறு பல மொழிகளில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதை நாம் இரண்டாக வைத்திருக்கிறோம், கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. தொடக்க ஆட்டத்தில் எக்குவடோரின் வலென்சியா இரண்டு கோல் போட்டார். முடிவதற்கு முன்பே இருக்கைகள் காலியாகத் தொடங்கின. உலகக் கிண்ண வரலாற்றில் முதல் ஆட்டத்தில் தோற்ற முதல் விருந்தோம்பி நாடு கத்தார்தான். “போச்சே, நாம் தோற்றுவிட்டோம்” என்று என் வாயில் வந்தது. அண்ணன் மகன் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிய செய்தித் துணுக்கு ஓடியபோது ‘நாங்கள் அங்கே அவர்களுக்கு எண்ணிக்கைதான்’ என்று சொல்லியிருந்தேன். தொடக்க விழாவில் உரை நிகழ்ந்த நேரத்தில் ‘அவர்கள் சொல்வார்கள்’ என்றேன். ஒரே இரவில், ஒரே நாட்டைப் பற்றி, மூன்று சொல். யாராவது இப்படிச் சொல் மாற்றி மாற்றிப் பேசினால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் எந்த வாளியைத் தொட்டுப் பேசுகிறார் என்று பாருங்கள்.

அடுத்த வெள்ளி செனகலுடன் ஆட்டம். 78-ஆவது நிமிடத்தில் கத்தாரின் முதல் உலகக் கிண்ண கோலை முந்தாரி தலையால் முட்டிப் போட்டார். அவர் கானாவில் பிறந்தவர். நானும் மகளும் எழுந்து நின்றுவிட்டோம். மூன்று ஆட்டத்திலும் தோற்று அந்த அணி வெளியேறியது. எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருந்தது. இவ்வளவு பணமிருந்தும் பதினொரு பையன்கள் மைதானத்தில் நின்று தடுமாறுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இன்னோர் அடையாளம், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருமனம் உள்ளவரிடம் ஒரு பக்கத்தை மட்டும் பேசிப் பாருங்கள், மறுபக்கம் எழும்பும். போட்டிக்கு முந்தைய நாள் ஃபிஃபா தலைவர் இன்ஃபன்டினோ, இன்று நான் கத்தார்காரனாக உணர்கிறேன், புலம்பெயர் தொழிலாளியாக உணர்கிறேன் என்று அடுக்கினார். எனக்கு உப்புக் கோடு போட்ட அந்த நீலச் சீருடை கண்முன் வந்து உடம்பெல்லாம் எரிந்தது. அதே வாரம், அந்த நாட்டை வெறும் மணல், வெறும் பணம் என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். ஏலக்காய்க் காப்பி நினைவுக்கு வந்து அதே அளவு எரிந்தது. அண்ணன் மகனுக்குக் காட்ட அப்பாவின் காண்டாவை எடுத்து இரண்டு வாளித் தண்ணீரோடு என் தோளில் தூக்கி வைத்தேன். ஒரு பக்க வாளியை அவனைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் மறுமுனை சடாரென்று கீழே போய், கம்பு எகிறி அவன் காதை உரசியது. கூடமெல்லாம் தண்ணீர். அண்ணி திட்டினாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இதைக் கத்தாரோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்தியபோது நானும் தொலைக்காட்சி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். 50 கிலோமீட்டர் நடையில் ஜி.சரவணன் தங்கம் வென்றபோது லயமே தெருவுக்கு வந்தது. அந்தப் போட்டிக்காக எழுந்த புக்கிட் ஜாலில் அரங்கம் நிற்கும் பகுதி ஒரு காலத்தில் தோட்டம். நம்மவர்கள் வேலை செய்த மண். அங்கே மிச்சமிருந்த குடும்பங்கள் வீட்டுக்கு நிலம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடின. இன்று சுங்கை சிப்புட்டைச் சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. நாங்கள் விட்டுவந்த லயங்களில் வங்காளதேசத்தினரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். 2020-இல் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து வைத்தது. பாலைவனத்தில் நான் பார்த்தது பாலைவனத்துக்கு மட்டும் உரியதல்ல.

இறுதியாட்டம் டிசம்பர் 18, நம் நேரம் இரவு பதினொன்று. அண்ணன் எல்லோரையும் கடைத்தெரு முனையில் உள்ள உணவுக்கடைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். பின்வரிசை முழுக்கத் தோட்டத்து வங்காளதேச இளைஞர்கள், அர்ஜென்டினாவின் நீல வெள்ளைச் சட்டைகளில். வங்காளதேசத்தில் பலருக்கு அர்ஜென்டினா என்றால் உயிர். மூன்றுக்கு மூன்று என்று நின்று, பெனால்டியில் நான்குக்கு இரண்டு என்று முடிந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. மெஸ்ஸியின் தோளில் கத்தார் மன்னர் மெல்லிய கறுப்பு அங்கியைப் போர்த்தினார். “பிஷ்த்” என்றாள் மகள், மாமா மகனிடம். “கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் போடுவார்கள். மரியாதை.” அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் இளைஞன் அருகில் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மஞ்சள் தலைக்கவசம் அணிந்த ஒருவர், பின்னால் பாதி கட்டிய லுசைல் அரங்கம். “அபாங் சாயா” என்றான். அவனுடைய அண்ணன். நான் அவன் முகத்தில் கசப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. மெஸ்ஸி நிற்கும் அரங்கத்தை என் அண்ணன் கட்டினான் என்ற பெருமைதான் முகம் நிறைய இருந்தது. அந்தப் பெருமையைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. இருமனம் எல்லோருக்கும் வந்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை.

பிறகு கேட்டான்: “காக், டோஹா பாகுஸ்?” அக்கா, தோஹா நல்ல ஊரா என்று. இங்கே பெர்மிட் முடிந்ததும் அண்ணனிடம் போக நினைக்கிறானாம்.

என்னிடம் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். குறைந்தபட்சச் சம்பளம் ஆயிரம் ரியால், அதற்குக் கீழே கையெழுத்துப் போடாதே. கடப்பிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதே, அதை வாங்கி வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். வேலை மாற இப்போது யார் அனுமதியும் வேண்டாம். முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டாதே. கோடையில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடி. சிறுநீர் கறுத்துப் போனால் வேலையைப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போ. சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்னிஷுக்குப் போ, காற்று நன்றாக இருக்கும். யாராவது கிழவி காப்பி ஊற்றிக் கொடுத்தால், போதும் என்பதற்குக் கிண்ணத்தை ஆட்ட வேண்டும்.

அவன் ஆயிரம் என்ற எண்ணை மட்டும் கைப்பேசியில் தட்டி வைத்துக்கொண்டான். கிண்ணத்தை எப்படி ஆட்டுவது என்று என் மகள் காலித் தேநீர்க் கிளாஸை எடுத்துக் காட்டினாள். காலையில் அவனுக்குப் பெரட்டு, தோட்டத்துப் பெயர் அழைப்பு. மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏறித் தோட்டத்துப் பக்கம் போனார்கள்.